குளிசை போட்டும் இரத்தம் ஏறவில்லையா? கிளினிக் அட்டையில் உங்களுக்கு உள்ளவை

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஒரு கர்ப்பிணித் தங்கச்சி அட்டையை நீட்டினாள். முதல் பரிசோதனையில் 10.6 இருந்த ஹீமோகுளோபின் 28ஆம் வாரத்தில் 9.8. "பிள்ளை, குளிசை போடுறேல்லையோ?" என்றார் மிஸ், அதாவது குடும்பநல உத்தியோகத்தர். "ஒரு நாளும் விடேல்லை மிஸ்." வாங்கிலில் இருந்த ஒருவரும் நம்பவில்லை, நான் உட்பட. சிறுநீர்ச் சோதனை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: கிருமித்தொற்று.

கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. சாப்பாட்டால் மட்டும் அதை நிரப்புவது கஷ்டம். அதனால்தான் 12 வாரத்துக்குப் பிறகு அரசாங்கக் கிளினிக்கில் இரும்புக் குளிசை, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்று எடுத்து, குளிசையின் அளவைக் கூட்டுவார்கள்.

ஆனால் உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் கதை வேறு. அப்போது ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது குடலில் இரும்பு உறிஞ்சும் வாசலைச் சாத்திவிடும். களஞ்சியத்தில் இருக்கிற இரும்பையும் வெளியே விடாது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பது உடம்பின் கணக்கு. அதில் தாய்க்கும் கிடைக்காமல் போகிறது. இன்னொரு சிக்கல், இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனை அழற்சி நேரத்தில் கூட்டிக் காட்டும். சேமிப்பு வெறுமையாக இருந்தாலும் தாளில் எண் நன்றாகத் தெரியும். அதனால் பெரிட்டினோடு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

மலேரியாவில் இரத்தம் வற்றிய தாய்மாரை வன்னியின் பழைய ஆட்கள் மறக்கமாட்டார்கள். அது போய்விட்டது, இலங்கையின் உள்ளூர் மலேரியாவில் கடைசி நோயாளி 2012இல், மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016இல். இப்போது தேட வேண்டியவை சின்னச் சின்னவை: சிறுநீர்த் தொற்று, பல் முரசு வீக்கம், வயலில் வெறுங்காலோடு நிற்கையில் ஏறும் கொழுக்கிப்புழு. கொழுக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தையே குடிக்கும்.

இவற்றைப் பார்ப்பதும் உங்கள் உரிமைக்குள் வருகிறது. முதல் மூன்று மாதம் கழிந்ததும் பூச்சிக் குளிசை, கிளினிக்கில் சிறுநீர்ச் சோதனை, பல் பரிசோதனை எல்லாம் இலவசம். பல் பரிசோதனையைத்தான் அனேகம்பேர் தவறவிடுகிறார்கள். "பல்லுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்கிற மாமிமாருக்கு மேலே உள்ள ஹெப்சிடின் கதையைச் சொல்லலாம். ஹீமோகுளோபின் பதிவின்போது ஒருமுறையும் 26 முதல் 28 வாரத்தில் இன்னொரு முறையும் பார்க்கப்பட வேண்டும். அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிசை போட்டும் எண் ஏறாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார். இரும்பை ஊசியாக ஏற்றுவதா என்பதை அங்கே முடிவெடுப்பார்கள். தொற்று இருக்கும்போது அவசரப்பட மாட்டார்கள்.

தொற்றைத் தேடுகிறார்கள் என்பதற்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம். இரும்புக் குறைவும் தொற்றும் சேர்ந்தே வரலாம். விடியத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். இரவு படுக்கப் போகும்போது விற்றமின் சியோடு போடுங்கள். கல்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை.

திரிபோஷச் சத்துமா மாதம் 2 பைக்கற், ஒன்று 750 கிராம். அது தாய்க்கு, வீட்டுக்கு இல்லை. மூத்த பிள்ளைகள் உருண்டை பிடித்து முடித்த பைக்கற்றை எத்தனை குசினிகளில் பார்த்துவிட்டேன். போசாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபா வீதம் 10 மாதத்துக்கு என்று தொடங்கியது. தொகை பிறகு கூடியிருக்கிறது, இப்போதைய தொகையைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் வாசல் பதிவுதான். நாள் தள்ளிப்போனதும், 8 வாரத்துக்குள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிறவர்கள், புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியாவுக்கு என்றாலும், அட்டையைக் கையோடு கொண்டுபோய் அந்த ஊர் மிஸ்ஸிடம் காட்டுங்கள். இடையில் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனாலும் அதே அட்டையைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.