உலைக்கு எந்தப் பக்கம் வீடு?

பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு பிள்ளைகள் ஓர் இரும்பாலை நகரம் செய்துகொண்டிருந்தார்கள். தெர்மோகோலில் தரை, அட்டையைச் சுருட்டி உலை, தீப்பெட்டியில் வீடுகள். இடம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய். ரயில் பாதை இருக்கிறது, காற்றாலை இருக்கிறது, வேறென்ன வேண்டும்? உலைக்குக் கிழக்கே வீடுகளை நெருக்கமாக ஒட்டியிருந்தார்கள். "வேலைக்கு நடந்தே போயிரலாம் மாமா" என்றான் அக்கா மகன்.

"அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் மக்கா" என்றேன்.

நடந்து போகும் தூரத்தில் வீடு என்று அவன் நினைத்தது சரிதான். தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் ஊதுலையை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது பற்றவைக்க முடியாது. இரும்புத் தாது, கோக் கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் மேலிருந்து அடுக்கடுக்காகப் போடுவார்கள். கீழிருந்து 1000 டிகிரிக்கு மேல் சூடான காற்றை ஊதுவார்கள். கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும். அந்த வாயு மேலே ஏறும் வழியில் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். சுமார் 1500 டிகிரியில் உருகிய இரும்பு அடியில் சேரும், கசடு அதன்மேல் மிதக்கும். ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய 1.6 டன் தாது வேண்டும். ஒருமுறை மூட்டினால் 15, 20 ஆண்டுகள்கூட இரவு பகலாக எரியும். நடுவில் ஆறவிட்டால் உள்ளிருப்பது இறுகிப் பாறையாகிவிடும். அதனால்தான் மூன்று ஷிப்ட், அதனால்தான் ஆலையோடு சேர்த்தே ஊரும். ஜாம்ஷெட்பூர் அப்படிப் பிறந்த ஊர். ஆலைக்கு இடம் முடிவாகும் முன்பே, 1902-ல், அகலமான தெருக்களும் நிழல் மரங்களும் வேண்டும் என்று ஜாம்ஷெட்ஜி டாடா மகனுக்குக் கடிதம் எழுதினார்.

பிரச்சினை காற்றில் இருக்கிறது. நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புகளிலிருந்தும் உலையிலிருந்தும் தூசியும் கந்தக டை ஆக்சைடும் வரும். பெரிய துகள்கள் பக்கத்திலேயே விழுந்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறியவை நாட்கணக்கில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். காற்று வரும் திசையில் வீட்டை வை, போகும் திசையில் ஆலையை வை என்பது நகரமைப்பின் பழைய விதி. நம் ஊரில் அது பாதிதான் பலிக்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு, வேகம் கூடிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் வந்தால் திசையே திரும்பிவிடும். கிழக்கே வைத்தாலும் மேற்கே வைத்தாலும் ஆண்டில் சில மாதம் புகை வீட்டுக்குள் வரும். அந்தப் பாதைக்குக் குறுக்காக, வடக்கிலோ தெற்கிலோ தள்ளித்தான் வைக்க வேண்டும்.

டோனி கார்னியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இப்படியொரு கற்பனைத் தொழில் நகரத்தை முழுசாக வரைந்து 1917-ல் வெளியிட்டார். 35,000 பேருக்கான ஊர். ஆலை தாழ்ந்த சமவெளியில், வீடுகள் மேட்டில், மருத்துவமனை அதற்கும் மேலே. படத்தைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் இரண்டு மலைகளுக்கு நடுவே அதை அப்படியே கொண்டுவந்தால் ஆபத்து. காற்றில்லாத இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும், மேலே சூடான காற்று மூடிபோல உட்காரும். புகை மேலே போகாமல் சரிவிலேயே தங்கும். அமெரிக்காவின் டொனோரா என்ற பள்ளத்தாக்கு ஊரில் 1948 அக்டோபர் கடைசியில் இதுதான் நடந்தது. துத்தநாக ஆலை, இரும்பாலைப் புகை சில நாள் வெளியேற வழியில்லாமல் நின்றதில் 20 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிப் படுத்தார்கள். எனக்கு அந்த ஊரை நினைக்காமல் கணவாய்க்குள் புகைபோக்கி வைக்க முடியவில்லை.

"அப்போ உலையைக் கணவாய்க்கு வெளியே, கிழக்கே தள்ளிருவோம்" என்றான் ஒருவன்.

"அங்க பணகுடில ஆளுக இல்லியா?" என்றாள் சின்னவள்.

அவள் கேட்டதற்கு இடத்தை மாற்றுவது பதிலில்லை, உலையைத்தான் மாற்ற வேண்டும். கரி செய்யும் வேலையை ஹைட்ரஜனும் செய்யும். தாதுவிலுள்ள ஆக்சிஜனோடு அது சேர்ந்தால் வருவது நீராவி. சுவீடனில் 2021-ல் இப்படி இரும்பு எடுத்துக் காட்டினார்கள். ஒரு டன் இரும்புக்குக் கணக்குப்படி சுமார் 54 கிலோ ஹைட்ரஜன் போதும், அதற்குத் தண்ணீரைப் பிளக்க மின்சாரம் நிறைய வேண்டும். கிடைக்கும் இரும்பு திடமாக இருக்கும், அப்புறம் மின்சாரச் சூட்டில் உருக்கும் மின்வில் உலையில் உருக்கலாம். அந்த உலையை நிறுத்தவும் முடியும், திரும்ப ஓட்டவும் முடியும். கணவாயை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகள் ஆடியில் வேகமாகவும் பங்குனியில் மெதுவாகவும் சுற்றுவதை அது தாங்கும்.

பிள்ளைகள் கோக் அடுப்பையும் மூன்று புகைபோக்கிகளையும் பிடுங்கினார்கள். அந்த இடத்தில் ஐஸ்கிரீம் கப்பைக் கவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டி ஆக்கினாள் சின்னவள். தீப்பெட்டி வீடுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தெற்கே ஒட்டினார்கள். பசை காய இருட்டிவிட்டது.