நிழற்குடையை இடிக்கும் முன் ஒருநாள் அங்கே போய் உட்காருங்கள்

கட்டுமானப் பொறியாளராக "இடிக்கலாம்" என்று நான் கையெழுத்துப் போட்டவற்றில் ஒரு கிராமத்துப் பயணிகள் நிழற்குடை மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஊர்க்காரர்களே கூடிப் பேசி, வரி போட்டு, உள்ளூர்க் கொத்தனாரை வைத்துக் கட்டியது.

இடிக்கச் சொன்னதில் தப்பில்லை. கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போட்டதில் தரை பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளேதான் நிற்கும்.

தொகுதி நிதியில் எஸ்எஸ் எனும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் தகடுமாகப் புதிது வந்தது. ஆறு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன், மாலை நான்கு மணி. உள்ளே ஒருவருமில்லை. பத்தடி தள்ளிப் புளியமரத்தடியில் பதினைந்து பேர். மேற்குப் பார்த்த நிழற்குடை. சாயங்கால வெயில் நேராக இருக்கையில் இறங்குகிறது. கை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். பழையதில் முன்பக்கச் சன்ஷேடைத் தாழ்வாக இறக்கியிருந்தார்கள். பஸ் வரும் பக்கச் சுவரில் எட்டிப் பார்க்கத் திறப்பு விட்டிருந்தார்கள். இப்போது அங்கே திறப்பு விழாப் பலகை!

மரத்தடியில் ஓர் அம்மா கத்திரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றார். இறக்கி வைக்கலாமே என்றேன். "எறக்கறது பெருசில்ல தம்பி, திரும்பத் தூக்கிவிட ஆள் வேணுமில்ல?"

அப்போதுதான் உறைத்தது. பழைய பின்சுவரில் தோளுயரத்துக்கு ஒரு கல்பலகை இருந்தது. ஏதோ அலமாரி என்று நினைத்து அறிக்கையில் ஒரு வரிகூட எழுதவில்லை. தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் இறக்கி ஏற்ற வழியோரச் சுமைதாங்கிக் கல் செய்கிற வேலையை அது செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஒப்பந்தக்காரரைத் திட்டிப் பயனில்லை. எஸ்டிமேட்டில் இல்லாதது தளத்துக்கு வராது. எனவே உங்கள் ஊரில் நிழற்குடையை மாற்றப் பேச்சு எழுந்தால், எஸ்டிமேட் போடும் முன்பே காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போய் உட்காருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எதைப் பிடித்து எழுகிறார்கள் என்று படமெடுங்கள். பழைய அளவுகளை, எதற்காக அப்படி என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள்; ஒன்றில் தீர்மானமாக ஏற்றிவிட்டால் பேசப் பிடி கிடைக்கும். பழையதில் எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன், சாய்தளமே கிடையாது. சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 சரிவு வேண்டும்: அரையடி உயரமென்றால் ஆறடி நீளம். அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஊராட்சியில் பேசி, நிழற்குடைக்குப் பக்கத்தில் இரண்டு தூண் நட்டு ஒரு பலகைக் கல் ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். உயரம் குறிக்க டேப்பை நீட்டினேன். அந்த அம்மா கூடையோடு வந்து நின்று பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விரக்கடை கீழ, தம்பி."