கரைவலையும் பதினாறு கோரும்

"அண்ணா, ஐ9 புரொசெசர் இல்லாட்டி டிசைன் வேலை செய்ய ஏலாதாம், உண்மையோ?" என்று திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வீட்டிலிருந்தே கல்யாண அல்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி பேனர், நிலாவெளிப் பக்க விடுதிகளுக்கு மெனு அட்டை என்று செய்துகொடுக்கிறார். பழைய லப்டொப் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, கடையில் விசாரித்தால் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் காட்டுகிறார்களாம்.

இன்டெல் கம்பனி புரொசெசருக்கு (கணினியின் மூளைக்கு) வைத்த ஐ5, ஐ7, ஐ9 என்ற எண்ணைப் பார்த்து அதை வாங்குவதும் எண்சாத்திரம் பார்த்துக் கடைக்குப் பெயர் வைப்பதும் எனக்கு ஒன்றுதான். பத்து வருடப் பழைய ஐ7 ஒன்றை இன்றைய ஐ5 சும்மா தாண்டிப் போய்விடும். பார்க்க வேண்டியது வேறு.

2004, 2005 வரைக்கும் கதை சுலபம், வருடா வருடம் கடிகார வேகம் (புரொசெசர் ஒரு செக்கனில் எடுத்துவைக்கும் அடிகளின் எண்ணிக்கை) ஏறியது, எல்லா மென்பொருளும் தானாக வேகமானது. இன்டெலின் பென்டியம் 4 கிட்டத்தட்ட 3.8 கிகாஹேட்ஸில், அதாவது செக்கனுக்கு 380 கோடி அடியில், போய் நின்றது, அதற்கு மேல் ஏற்றினால் சூடு தாங்கவில்லை. அப்புறம்தான் ஒரு சிப்புக்குள் இரண்டு, நான்கு, பதினாறு என்று கோர்களை (தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய குட்டி மூளைகளை) அடுக்கத் தொடங்கினார்கள். பதினாறு கோர் என்றால் பதினாறு மடங்கு வேகம் என்று நாமும் நம்பினோம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒரு தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய், அரைவட்டமாக வளைத்து, மறு கயிற்றைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை கரையில் பத்துப் பேர் நின்றாலும் நாற்பது பேர் நின்றாலும் ஒன்றுதான், பீடி பற்றவைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கயிறு கரைக்கு வந்த பிறகுதான் ஆள்பலம் பேசும். தோணி வளைக்க எடுக்கும் நேரத்தை எத்தனை ஆளைச் சேர்த்தாலும் குறைக்க முடியாது. ஐபிஎம்மில் வேலை செய்த ஜீன் அம்டால் 1967இல் கணினிக்குச் சொன்னது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலைக்கு ஒற்றைக் கோரில் 10 நிமிடம் என்று வையுங்கள். அதில் 4 நிமிடம் பிரிக்க முடியாத தோணி வேலை, 6 நிமிடம் பிரிக்கக்கூடிய கயிறு வேலை. 6 கோர் இருந்தால் 4 உடன் 1, ஆக 5 நிமிடம். சரி, பாதியாகிவிட்டது, நல்ல லாபம். 12 கோர் போட்டால் நாலரை நிமிடம். 24 கோர் போட்டால் நாலேகால். உலகத்துக் கோரையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் 4 நிமிடத்துக்குக் கீழே போகாது. முதல் ஆறு கோர் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தது, அடுத்த பதினெட்டும் சேர்ந்து பிடித்தது முக்கால் நிமிடம், காசு மட்டும் மடங்காக ஏறுகிறது.

ஏன் சில வேலை பிரிபடாது? ஒரு படம் முழுவதையும் மங்கலாக்கச் சொன்னால் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கலாம். ஆனால் விரலால் நிறத்தைத் தேய்ப்பது போன்ற தூரிகை இருக்கிறதே, அதில் ஒவ்வொரு தொடுகையும் முந்தைய தொடுகை விட்டுப்போன நிறத்தை எடுத்துத்தான் தன் நிறத்தைத் தீர்மானிக்கிறது, முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்கவே முடியாது. போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டரில் நாம் நாள் முழுக்கச் செய்யும் சின்னச் சின்ன வேலைகளில் இந்த வகை நிறைய. அங்கே உதவுவது ஒற்றைக் கோரின் வேகம். (நான் பள்ளிக்கூடத்தில் கணினி படித்தபோது பாகங்களின் பெயரைப் பாடமாக்கினேனே தவிர இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.)

இப்போது விலையைப் பாருங்கள். இன்டெலின் போட்டிக் கம்பனி ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 2022இல் 699 டொலருக்கு வந்தது, 16 கோர், உச்ச வேகம் 5.7 கிகாஹேட்ஸ். அதே தலைமுறையின் ரைசன் 5 7600 அடுத்த தையில் 229 டொலருக்கு வந்தது, 6 கோர், உச்ச வேகம் 5.1. மூன்று மடங்கு காசுக்கு ஒற்றைக் கோரில் கிடைக்கும் கூடுதல் வேகம் ஏறக்குறைய 12 சதவீதம். சின்னதற்குப் பெட்டியிலேயே விசிறி வரும், பெரியதற்கு அதுவும் தனிச்செலவு.

முப்பரிமாணக் காட்சி ரெண்டர் செய்பவர்களுக்கு (கணக்கிட்டுப் படமாக்குபவர்களுக்கு) இது பொருந்தாது, அது முழுக்க முழுக்கக் கயிறு வேலை. ஆனால் அதற்குக்கூட படக் கணக்குக்கென்றே செய்த கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது. இப்போது சில கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கிறார்களே, அந்த மாதிரி. (அது சரியா பிழையா என்ற சண்டை வேறு.) ஒன்று மட்டும் கவனம்: பெயரின் கடைசியில் 'எப்' எழுத்து உள்ள இன்டெல் சிப்பில் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது, தனிக் கார்ட் போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

அப்புறம் நம்மூர்ச் சூடு. யூடியூபில் சோதித்துக் காட்டுபவரின் அறை 22 பாகை என்று வைப்போம். கச்சான் காற்று அடிக்கும் நாளில் நம் அறை 35. மேலே சொன்ன அந்தப் பெரிய 16 கோர் சிப் 95 பாகையில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் வெளியேறுவது வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது, அவருக்கு 73 பாகை வித்தியாசம், நமக்கு 60. அதே விசிறியால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டை வெளியே தள்ள முடியும். ஏசி இல்லாத அறையில் அந்த 170 வாட் சிப்பை வைத்தால் காசு கொடுத்த வேகத்தின் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

அந்தத் தங்கச்சிக்கு ஒரு வேலை கொடுத்தேன். வழக்கமான அல்பம் ஒன்றைத் திறந்து, லப்டொப் இழுக்கும் நேரத்தில், கணினியில் எது எவ்வளவு பாவனையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவருடையதில் புரொசெசரின் வேலையை எட்டுப் பெட்டியாகப் பிரித்துக் காட்டும், அதில் ஒன்றின் பங்கு 12.5 சதவீதம். மொத்தப் பாவனை அந்த அளவில் ஒட்டிக்கொண்டு நின்றால் கோர் கூட்டிப் பயனில்லை. அனுப்பினார், 14 சதவீதம், கிட்டத்தட்ட ஒரு பெட்டிதான். ஆனால் என் கண் போனது கீழே இருந்த மெமரிக்கு (வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் விரித்து வைக்கும் இடம்): 8 ஜிபியில் 7.7 நிறைந்திருந்தது. இடம் போதாமல் மீதியை டிஸ்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, டிஸ்க் மெமரியைவிட எத்தனையோ நூறு மடங்கு மெதுவானது.

புதுப் பெட்டியை ஆவணிக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, 16 ஜிபி மெமரி ஒன்று வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்.