மஞ்சு பிடிக்கும் சோலை

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே தென்னந்தோப்பும் வெயிலுமாக இருக்கும். பாதி வழியிலேயே பஸ் ஜன்னலை மூடச் சொல்லிக் குரல் வந்துவிடும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. வால்பாறையோடு நில்லாமல் அக்காமலைப் பக்கம் இன்னும் ஏறினால், தேயிலை முடிந்து புல்மலை தொடங்குகிறது. உயரம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர். அந்தப் புல்மலையின் மடிப்புகளில், கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாக ஒதுங்கி நிற்பதுதான் சோலை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜனவரியில் ஒரு விடிகாலை, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு நடந்தேன். புல் முழுக்க வெள்ளையாக இருந்தது. "கையை வெச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன், பொடி உப்பு போல நொறுங்கியது. உறைபனி. அங்கிருந்து இருபது அடி நடந்து சோலைக்குள் நுழைந்தோம். தரை ஈரம், ஆனால் ஒரு துளி உறைபனி இல்லை.

கொங்கு நாட்டில் மார்கழி இரவில் களத்தில் கட்டில் போட்டுப் படுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். விடிவதற்குள் போர்வை நனைந்துவிடும். அதே கட்டிலை வேப்பமரத்தடியில் போட்டால் அவ்வளவாக நனையாது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவெல்லாம் வெளியே விடுகிறது. மேலே வெறும் வானம் என்றால் அது போயே போய்விடும். தரை காற்றை விடவும் குளிர்ந்துபோகும். மேலே இலைக்கூரை இருந்தால், போகிற வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். சோலையின் எல்லையை வரைவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சோலை மரங்களின் கன்றுகள் உறைபனி தாங்காது. விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், பல கன்றுகள் ஒரு தை மாதத்தைத் தாண்டுவதில்லை. கூரைக்கு அடியில் முளைத்தது பிழைக்கிறது. அதனால்தான் காடு மெல்ல மெல்லக் குறைந்து முடியாமல், சுவர் வைத்தாற்போல் சட்டென்று நின்றுவிடுகிறது.

முன்பெல்லாம் இந்தப் புல்வெளி மனிதன் காட்டை வெட்டி, எரித்து உண்டானது என்று பலர் நினைத்தார்கள். 1993-இல் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த, பாதி மக்கிய கரிய மண்ணை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பாலானவையும் மரங்களும் காற்றில் உள்ள கார்பனை வேறு வேறு வழியில் எடுத்துக்கொள்பவை. அந்த வேறுபாடு செடி மக்கிய பிறகும் மண்ணில் தங்கிவிடுகிறது. அதை வைத்துப் படித்தால், ஈரமான காலங்களில் மர வகையின் அடையாளமும் வறண்ட காலங்களில் புல்லின் அடையாளமும் மாறி மாறி ஓங்குகின்றன. புல் அங்கே சுமார் 20,000 ஆண்டுகளாக இருக்கிறது! இது தெரியாமல், வெறும் தரிசு என்று எண்ணி நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி மேல் சீகை (வாட்டில்) மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

சரி, உள்ளே போவோம். மரங்கள் உயரம் இல்லை. ஐம்பது அடி இருந்தாலே பெரிது. கிளைகள் முறுக்கிக்கொண்டு, இலைகள் சிறியதாகவும் தடித்தும் இருக்கின்றன. நாவல், லவங்கம், செண்பகம் எல்லாவற்றுக்கும் இங்கே மலைச் சொந்தங்கள் உண்டு. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-இல் சோலையை ஈர மிதவெப்பக் காடுகளின் வரிசையில்தான் வைத்தார்கள். நிலநடுக்கோட்டில் இருந்து பத்து டிகிரி தள்ளி, கோயம்புத்தூர் மாவட்டத்தில், குளிர்நாட்டு மழைக்காட்டின் சாயலில் ஒரு காடு!

அந்தச் சாயலைத் தருவது மரமெங்கும் போர்த்தியிருக்கும் பாசி. குளத்துப் பாசி இல்லை, மாஸ் என்கிற சிறு செடி. ஒரு கிளையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். முடியளவே உள்ள தண்டுகள், அவற்றைச் சுற்றிக் கண்ணாடி போன்ற இலைகள். பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். உண்மையான வேர் இதற்குக் கிடையாது. வேண்டிய நீரை உடம்பாலேயே குடிக்கிறது. காய்ந்தால் சாகாமல் சுருண்டு கிடந்து, ஈரம் பட்டதும் நிமிர்ந்துகொள்ளும். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது வேறு சாதி: நம் வீட்டுக் குழம்பில் போடும் கல்பாசியின் உறவு. அது செடியே அல்ல, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம்.

மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, வரும்போது பாசி என்ன செய்கிறது என்று பாருங்கள். மஞ்சின் ஒரு துளி சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனை விடச் சிறியது. விழ எடை போதாது, காற்றோடு மிதந்து போய்விடும். 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி ஆக வேண்டுமானால் அப்படி 10 லட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும். மிதக்கும் மஞ்சில் எளிதில் நடக்காத அந்தச் சேர்க்கை பாசியில் நடக்கிறது. இலைகளுக்கு இடையே காற்று வளைந்து போய்விடும். காற்றை விடக் கனமான துளியால் அவ்வளவு சுருக்காக வளைய முடியாமல் இலையில் மோதி ஒட்டும். ஒட்டியது அடுத்ததோடு சேரும். நிறைந்ததும் நுனியில் இருந்து சொட்டும். மழையே இல்லாத நாளிலும் சோலைக்குள் சொட்டுச் சத்தம் கேட்பது இதனால்தான்.

சொட்டியது போய்ச் சேரும் இடமும் தனி. காவலர் தடியை ஊன்றினார். சருகுக்குள் ஒரு சாண் இறங்கியது. குளிரில் இலை மெதுவாகத்தான் மக்கும், அதனால் சேர்ந்துகொண்டே போகிறது. காபி பில்டரில் வெந்நீர் ஊற்றினால் உடனே கொட்டாமல் பொடி முழுக்க ஊறி, அப்புறம் சொட்டுச் சொட்டாக இறங்குமே, அதே வேலை. ஆனி, ஆடியில் மழை கொட்டித் தள்ளும் மலை இது. மொட்டைச் சரிவாக இருந்தால் வெள்ளம் சில மணி நேரத்தில் மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கிவிடும். சோலையில் கூரை, பாசி, சருகு, மண் என்று ஒவ்வொன்றும் ஒரு தடை போட்டு, நீரை மாதக்கணக்கில் தாமதிக்கின்றன. இந்த மலைகளின் நீரைத்தான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் அணைகளிலும் சுரங்கங்களிலும் பிடித்து, பொள்ளாச்சி, உடுமலைத் தோட்டங்களுக்கு அனுப்புகிறது. வாய்க்காலில் முறைத்தண்ணீருக்குக் காத்திருக்கும் எங்கள் ஊருக்கு அது நன்றாகத் தெரியும். அணைகளில் ஒன்றின் பெயரே சோலையாறு.

ஈரம் இப்படி நிலையாக இருப்பதால் இங்குள்ள புதர்த்தவளைகளுக்குக் குளமே தேவைப்படவில்லை. முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வந்துவிடும்.

சோலை முடியும் இடத்தில் ஓடை. இரண்டு வாரமாக மழை இல்லை. ஆனாலும் கணுக்கால் அளவு தண்ணீர். கையை விட்டேன். புல்லில் கை விறைத்ததை நினைத்துத் தயங்கித்தான் விட்டேன், ஆனால் அத்தனை குளிர் இல்லை. மண்ணுக்கடியில் கிடந்து வரும் நீர் மண்ணின் சூட்டோடு வருகிறது. வெளியே காற்று அதை விடக் குளிர்ந்திருந்ததால், ஓடை முழுக்க மெல்லிய ஆவி எழுந்து, மேலே வளைந்திருந்த கிளையின் பாசிக்குள் போய்க்கொண்டிருந்தது.