தோட்டத்துக் கைக்குத் தொடுதிரை மசியாதது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் அம்மா பல்லாண்டு ரப்பர் மரம் சீவியவர். புதுக் கைப்பேசி அவர் தொட்டால் மட்டும் கேட்பதில்லை. எழுபது வயதுக்கு மேல் இது அவருக்குத் தேவைதானா?”

தேவைதான். 2025-இல் பெஞ்ச், ஸ்கல்லின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதைக் கடந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகள். கணினி, கைப்பேசி, இணையம் புழங்கியவர்களுக்கு அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைவாக இருந்தது. கைப்பேசிதான் மூளையைக் காத்தது என்று இதற்குப் பொருளில்லை. தெளிவாக இருப்பவர்களே அதைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் கல்வி, வருமான வேறுபாடுகளைக் கழித்த பிறகும் தொடர்பு நீடித்தது.

எனக்குப் பிடித்தது அந்தக் கேட்காத திரைதான்.

பொத்தான் கைப்பேசிக்கு அழுத்தம் போதும். தொடுதிரை அழுத்தத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. கண்ணாடிக்கு அடியில், மின்சாரம் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்சைடு பூச்சில், குறுக்கும் நெடுக்குமாக மின்கோடுகள் ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடமெல்லாம் ஒரு நுண்ணிய மின்புலம். நம் உடம்போ உப்புநீர் நிறைந்த மின்கடத்தி. விரல் நெருங்கியதும் அந்தப் புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்த மாற்றம் ஒரு பிக்கோஃபாரடு (மின்தேக்க அலகான ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவுகூட வராது! எந்தச் சந்திப்பில் குறைந்தது என்பதை விநாடிக்குப் பல பத்து முறை அளந்து கண்டுபிடிக்கிறது ஒரு மின்னணுச் சில்லு.

இப்போது அம்மாவின் விரலுக்கு வருவோம். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. உலர்ந்தால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உடம்பின் பெரும்பகுதியில் அதன் கனம் 0.02 மில்லிமீட்டருக்குள்தான். காய்த்துப்போன விரலில் பன்மடங்கு. உடம்பே தைத்துக்கொண்ட கையுறை அது. முதுமையில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் வேறு குறைந்துவிடுகின்றன. மின்சாரம் கடத்தும் சதை திரையிலிருந்து தள்ளி நிற்பதால் சில்லுக்குக் கிடைக்கும் சைகை மங்கி, அது விரலே இல்லை என்று ஒதுக்கப்படுகிறது. அம்மா பழக்கப்படி இன்னும் அழுத்துவார். விரல் பதியும் பரப்பு கூடியதும் திரை உணர்ந்துகொள்ளும். ஆனால் விரலை எடுக்காததால் அதை நீண்ட அழுத்தமாகக் கணக்கிட்டு, அவர் கேட்காத பட்டியலைத் திறந்து வைக்கும். “எனக்கு இதில் கைராசி இல்லை” என்று அவர் ஒதுங்கிவிடுவார். ராசிக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

விரலை ஈரத்துணியில் ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் திரை குழம்பும். நுனியால் தட்டாமல் விரலின் சதைப்பகுதியால் தொட வேண்டும். தடித்த பாதுகாப்புக் கண்ணாடியை உரித்துவிடலாம். தொடு உணர்திறனையும் நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தையும் கூட்டும் வசதி பல கைப்பேசிகளின் அமைப்புகளில் உண்டு. புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த பேரனின் படத்தைப் பெரிதாக்க மட்டும் இரண்டு விரல்களை நனைக்க வேண்டும்.

நாடி (NADI) எனப்படும் அரசின் இணையச் சேவை மையங்களில் முதியோருக்கு வகுப்பெடுப்பவர்கள் கடவுச்சொல் பாடத்துக்கு முன்பு மேசையில் ஒரு குப்பி கைக்களிம்பை வைக்கலாம். செயலிப் போட்டிகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கைத் தோட்டத்துக் கைகளை அளக்கும் ஆய்வுக்கு ஒதுக்கினால், நானே வரிசையில் நின்று விரல் நீட்டுவேன்.