தொற்று

‘இன்ஃபெக்‌ஷன்’ என்பதற்கு நாம் எழுதும் தமிழ்ச்சொல் தொற்று. கிளம்பிவிட்ட வண்டியில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறோம். இடுப்பில் தொற்றிய குழந்தை இறங்க மறுக்கிறது. அந்த வினைதான் நோய்க்கும் பெயரானது. பேச்சில் இதுவே தொத்து. தொத்துவியாதி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. இன்ஃபிசெரே என்றால் தோய்த்தல், சாயமேற்றுதல், கறைப்படுத்தல். துணியில் கறை இறங்குவதுபோல உடம்பில் நோய் இறங்குகிறது என்ற எண்ணம்; கிருமியைக் கண்ணால் காணாத காலத்துச் சொல். என்னைக் கேட்டால் தமிழ்ச்சொல்தான் நடப்புக்கு நெருக்கம். ஈறுநோய்க்குக் காரணமான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம் (ஜிஞ்சிவா என்றால் ஈறு). அதன் மேல் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றால் செல்லைப் பற்றிக்கொள்ளும், அப்புறம் உள்ளேயே புகுந்து குடியிருக்கும். தொற்றுதல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

‘தொண்டைப் புற்றுக்குத் தொற்று காரணமா?’ என்ற பேச்சில் அடிபடுவதும் இதே பாக்டீரியாதான். 2016இல் வெளியான சீன நோயாளிகள் பற்றிய ஆய்வில், உணவுக்குழாய்ப் புற்றுத் திசுக்களில் 61 விழுக்காட்டில் இது இருந்தது. புற்றை ஒட்டிய திசுக்களில் 12 விழுக்காடு. நோயற்றவர்களின் திசுவில் இல்லவே இல்லை. சரி, அப்படியென்றால் இதுதான் காரணமா? அவசரப்பட முடியாது. நீடித்த அழற்சியை உண்டாக்கியும், அழிய வேண்டிய செல்களை அழியவிடாமல் தடுத்தும் இது புற்றுக்கு வழிவிடலாம். தனக்கு வசதியான இடம் என்று, ஏற்கெனவே வந்த புற்றில் போய்த் தொற்றிக்கொண்டும் இருக்கலாம். யார் முதலில் வந்தது என்பதை அந்த எண்கள் சொல்லாது. இரைப்பைப் புற்றின் கதை வேறு: அங்கே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான காரணியாக அறிவித்துவிட்டது.

கவனித்தீர்களா, மேலே சொன்ன ஆய்வு உணவுக்குழாயைப் பற்றியது. வழக்கில் தொண்டை என்றால் வாய்க்குப் பின்னால் தொடங்கி நெஞ்சுவரை எல்லாம் அடங்கிவிடும். மருத்துவத்தில் தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் மூன்றும் தனித்தனி. அவற்றில் வரும் புற்றுகளுக்கும் காரணங்கள் வேறுபடும்.

பாக்டீரியாவுக்கு ‘நுண்ணுயிரி’ என்று போடுவதும் இந்த இடத்தில் உதவாது. வைரஸ், பூஞ்சை எல்லாவற்றையும் அந்தச் சொல்லில் அடக்குகிறோம். வாய்க்கு நேர் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதியில் வரும் புற்றில் காரணம் என்று நிலைநாட்டப்பட்டது ஹெச்பிவி, அதாவது ஒரு வைரஸ். ‘நுண்ணுயிரியால் தொண்டைப் புற்று’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. பாக்டீரியாவை பாக்டீரியா என்றே எழுதலாம். கிரேக்கத்தில் சிறுகுச்சி என்று பொருள், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், தொற்றோடு ‘நோய்’ சேரும்போது வருகிறது. தொற்றுநோய் என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது என்றே காதில் விழுகிறது. புற்றுக்குப் பின்னால் ஒரு தொற்று இருந்தாலும் புற்று தொற்றுநோய் ஆகிவிடாது. பரவக்கூடியது பாக்டீரியாதான், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குப் புற்று தொத்தாது.