மஞ்சள் உறையை எறிந்துவிடாதீர்கள்

சென்ற வாரம் ஒரு தம்பி நான்காக மடித்த கடிதமொன்றை என் மேசையில் விரித்து வைத்தார். விசா தந்த அல்லது முதலில் நுழைந்த நாடே பொதுவாகப் புகலிட விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய டப்ளின் விதிப்படி, அவருடைய விண்ணப்பத்துக்கு இத்தாலியே பொறுப்பு என்றும், அங்கேயே அனுப்பப்படுவார் என்றும் ஜேர்மன் அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். கடிதம் வந்த மஞ்சள் உறை எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம். அந்த உறையின் மேல் தபால்காரர் பேனாவால் எழுதும் தேதியிலிருந்துதான் நீதிமன்றம் செல்வதற்கான ஒரு வாரம் எண்ணப்படும். விசாரித்துப் பார்த்தால், கடிதம் கைக்கு வந்து பதினொரு நாட்கள் கடந்திருந்தன.

மொழிபெயர்ப்பாளராகவும் பிறகு சட்ட உதவியாளராகவும் இந்த மேசையில் நான் அலுக்க அலுக்கக் கேட்ட வசனத்தை அவரும் சொன்னார்: “பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டு போட்டான் அக்கா, இனி இவையளுக்கு எப்பிடித் தெரியும்?”

தெரியும். கொழும்பில் விசாவுக்கு விண்ணப்பித்த அன்று கண்ணாடியில் பத்து விரல்களையும் வைத்தீர்களே, அவை ஐரோப்பிய விசாத் தகவல் அமைப்பில் உங்கள் படத்தோடு இருக்கின்றன. கடவுச்சீட்டைக் கிழிக்கலாம், எரிக்கலாம், முகவரிடமே கொடுத்துவிடலாம். விரல் உங்களுடன்தான் வருகிறது. விசா இல்லாமல் கடல் வழியாகவோ காட்டு வழியாகவோ வந்து எல்லையில் பிடிபட்டவர்களின் விரலடையாளம் 2003 முதல் இயங்கும் யூரோடாக் தரவுத்தளத்தில் இருக்கும். பிரான்ஸில் நிராகரிக்கப்பட்டு ஜேர்மனிக்கும், இங்கிருந்து சுவிஸுக்கும் போய் ஒவ்வொரு நாடாகக் கேட்டுப் பார்க்கலாம் என்பவர்களுக்கும் இதுவே பதில். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் டப்ளின் விதிக்குள் இருக்கிறது, நோர்வேயும் அப்படியே.

இதைவிட எனக்கு வேதனை தருவது வேறொன்று. விசாவில் விமானமேறி வந்தவர், முகவர் சொல்லிக் கொடுத்தபடி, லொறிக்குள் ஒளிந்து வந்ததாகவும் வழி தெரியாதென்றும் சொல்லிவிடுகிறார். விசாப் பதிவு அதிகாரியின் திரையில் ஏற்கெனவே திறந்திருக்கும். பிறகு ஊரில் அவருக்கு உண்மையாகவே நேர்ந்த சித்திரவதையைச் சொல்லும்போதும் அதே சந்தேகத்தோடு கேட்கிறார்கள். பயண வழியில் சொன்ன ஒரு பொய் உயிருக்கான வழக்கையே கெடுத்துவிடுகிறது.

ஆறு மாதம் ஒளிந்திருந்தால் ஜேர்மனியே வழக்கை எடுக்கும் என்பது அடுத்த கதை. இருப்பிடம் தெரிந்து, அதிகாரிகள் தாமே அனுப்பத் தவறினால்தான் அந்த ஆறு மாதம் பொருந்தும். தலைமறைவானவருக்கு 2013ஆம் ஆண்டின் டப்ளின் விதிப்படி அது 18 மாதம். 2024இல் ஏற்கப்பட்டு, 2026 நடுப்பகுதி முதல் பதிவாகும் விண்ணப்பங்களுக்குரிய புதிய ஒழுங்குவிதியிலோ மூன்று ஆண்டுகள் வரை நீளும்.

ஆகவே, வந்த வழியை உள்ளபடி சொல்லுங்கள். மனைவியோ சிறு பிள்ளையோ இங்கே இருந்தால், கடும் நோய் இருந்தால், முதல் நாட்டில் உங்களை மோசமாக நடத்தியிருந்தால், எந்த நாடு பொறுப்பு என்று கேட்கும் அந்த முதல் நேர்காணலிலேயே சொல்லிச் சான்றையும் கொடுங்கள். சித்தப்பா இங்கே இருக்கிறார் என்பது வளர்ந்தவருக்குப் பொதுவாக உதவாது. முகவரி மாறினால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதமும் கிடைத்ததாகவே கொள்ளப்படும். வழக்குப் போட்டால் மட்டும் போதாது, நாடுகடத்தலை நிறுத்தும் அவசர மனுவும் அதே ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். இதைச் சில வழக்கறிஞர்களுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கடிதம் விளங்கவில்லை என்று வெட்கப்பட்டு, வார இறுதியில் மாமா வந்து வாசித்துச் சொல்வார் என்று காத்திராதீர்கள். உறையையும் கடிதத்தையும் சேர்த்துப் பிடித்தபடி அன்றைக்கே வாருங்கள், வாசிப்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.